அத்தை கூட இருந்தால் ஆறு

"உங்க பிள்ளைங்களுக்கு நம்பிக்கை குறைஞ்சிருக்கு மேடம்" என்று போனில் சொன்னார் அவர். டிசம்பர் முதல் வாரம், அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் கட்டுகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், குறை சொல்லும் தொனி எதுவும் இல்லை. எங்கள் பள்ளிக்கு வந்து பிளஸ் டூ மாணவிகளுக்கு மேற்படிப்பு, வேலை பற்றி ஒருநாள் முகாம் நடத்திய தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஜூலையில் ஒரு படிவம் கொடுத்து நிரப்பி வாங்கினார்கள். ஆகஸ்டில் முகாம் நடந்தது. நவம்பரில் அதே படிவத்தை மறுபடியும் கொடுத்து வாங்கிப் போனார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வகுப்பில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு எண் இறங்கியிருக்கிறது. முகாம் பலன் தரவில்லை என்றுதான் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும் என்று வருத்தப்பட்டார். "பாக்கறேன் சார்" என்று சொல்லி போனை வைத்தேன். அந்த ஒரு வரி மட்டும் ஒரு வருஷத்துக்கு மேலாக என்னை விடவில்லை.

வந்தவாசிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் எடுக்கிறேன். 2022இல் நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம் வந்தது. எந்தப் பிள்ளை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள், யார் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத வேண்டும். "ஏன்" என்ற கட்டத்துக்கு முன்னால்தான் பேனா நிற்கும். "குடும்பச் சூழல்" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போவோம். அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்டதில்லை.

ஜூலையில் எல்லோருக்கும் ஐந்து

அந்தப் படிவத்தில் 25 கேள்விகள் இருந்தன. "உன் திறமைகளைச் சரியாக மதிப்பிட உன்னால் முடியும் என்பதில் உனக்கு எவ்வளவு நம்பிக்கை?", "உனக்கு விருப்பமான துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் பேச உனக்கு எவ்வளவு நம்பிக்கை?" என்கிற மாதிரி. ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டும். ஒன்று என்றால் கொஞ்சமும் இல்லை, ஐந்து என்றால் முழு நம்பிக்கை. தாளைக் கொடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லோரும் நீட்டிவிட்டார்கள். வாங்கிப் புரட்டினால் ஐந்து, ஐந்து, ஐந்து. இடையில் எங்காவது ஒரு நான்கு.

கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் ஒரு பெண். அப்பாவுக்குக் கோரைப்பாய்த் தறியில் வேலை. சாயங்காலம் இவளும் அம்மாவும் வீட்டில் உட்கார்ந்து பாய்க்கு ஓரத்துணி தைப்பார்கள். வகுப்பில் வாய் திறக்காதவள். அவளும் 25க்கும் ஐந்து போட்டிருந்தாள். ஒரே ஒரு கட்டத்தில் மூன்றைச் சுற்றிவிட்டு, ரப்பரால் அழித்து, ஐந்தில் போட்டிருந்தாள். தாள் அந்த இடத்தில் மட்டும் நைந்து மெலிந்து இருந்தது. "இது மூணுதானே போட்ட, எதுக்கு மாத்தின?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவள்தான் பதில் சொன்னாள்: "நம்பிக்கை இல்லன்னு எப்படி மிஸ் கையால எழுதறது? அபசகுனம் மாதிரி இருக்காதா?"

அப்போது எனக்கு அது சின்னப் பிள்ளைப் பேச்சாகத்தான் பட்டது. போனில் அவர் சொன்ன பிறகுதான் அந்தச் சொல் திரும்ப வந்து உட்கார்ந்தது. நம்பிக்கை என்கிற சொல்லை நாம் எங்கெல்லாம் வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மழை வரும் என்கிற நம்பிக்கை. சாமி மேல் நம்பிக்கை. அண்ணன் கைவிட மாட்டான் என்கிற நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்த பிறகும் "நம்பிக்கையா இரு" என்றுதான் சொல்கிறோம். நம்பிக்கை இல்லை என்று சொல்வது நம் வீடுகளில் வாய் வைக்கக் கூடாத வார்த்தை. "எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது" என்று கேட்டால் பிள்ளை தன் கையைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறது. நல்லது நடக்கட்டும் என்று ஐந்தில் வட்டம் போடுகிறது. அது அவள் திறமையைப் பற்றிய கணக்கே கிடையாது. அவள் வைத்த வேண்டுதல்.

அளவுகோல் வந்த வழி

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டில் இருந்த உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு காரியத்தை நம்மால் செய்ய முடியும் என்று நாமே போட்டுக்கொள்ளும் கணக்குதான், அந்தக் காரியத்தில் இறங்குவோமா, தடங்கல் வந்தால் எவ்வளவு நேரம் தாங்குவோம் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றார். பாம்புக்குப் பயந்தவர்களை வைத்து அவர் இதைச் சோதித்தார். பாம்பு இருக்கிற அறைக்குள் போவது, கிட்டே நிற்பது, தொடுவது, மடியில் விட்டுக்கொள்வது என்று படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் "இதைச் செய்வாயா, எவ்வளவு உறுதி?" என்று தனித்தனிக் கேள்வி.

1981இல் கெய்ல் ஹாக்கெட்டும் நான்சி பெட்ஸும் இதைப் பெண்களின் தொழில் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். திறமை இருந்தும் பெண்கள் சில துறைகள் பக்கமே போகாமல் இருப்பதற்கு, "இது என்னால் ஆகாது" என்று உள்ளுக்குள் ஊறிப்போன கணக்கும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். அப்புறம் 1983இல் கரென் டெய்லரும் நான்சி பெட்ஸும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காக 50 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். தன்னை அறிவது, தொழில்களைப் பற்றி விவரம் சேர்ப்பது, இலக்கைத் தேர்ந்தெடுப்பது, திட்டம் போடுவது, சிக்கல் வந்தால் சமாளிப்பது என்று ஐந்து பிரிவு. 1996இல் அதைப் பாதியாகக் குறைத்து 25 கேள்வி ஆக்கினார்கள். எங்கள் பள்ளிக்கு வந்தது அந்த வம்சம்தான்.

இதைப் படித்தபோது அளவுகோல் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. பெண் பிள்ளைகள் ஏன் தயங்கி நிற்கிறார்கள் என்கிற அக்கறையிலிருந்து கிளைத்த வேலை அது. ஆனால் ஒரு கேள்வி உறுத்தியது. முதல் பாடப்பிரிவு பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாற முடியுமா என்று அதில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் பிடிக்காத பாடத்தை விட்டு வேறு பாடத்துக்கு மாறுவது சாதாரணம். எங்கள் பிள்ளைக்கு அந்த முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு, பதினைந்து வயதில், எந்த குரூப் என்று கேட்கிற அந்தக் காலை நேரத்திலேயே முடிந்துபோகிறது. காமர்ஸ் குரூப் எடுத்தவள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன் என்றால் கதவு இல்லை. எனக்கு எந்த குரூப் என்பதை என் அண்ணன்தான் ஃபாரத்தில் நிரப்பினார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மாற முடியும் என்பதில் உனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அன்றைக்கு என்னை யாராவது கேட்டிருந்தால் கேள்வியே எனக்குப் புரிந்திருக்காது.

சிப்பமும் மூட்டையும்

பாண்டுரா 2006இல் எழுதிய ஒரு வழிகாட்டிக் கட்டுரையில் சின்ன விஷயம் ஒன்று இருந்தது. நிஜக் கேள்விகளுக்கு முன்னால் பழக்கத்துக்கு ஒரு கேள்வி கொடுக்கச் சொல்கிறார். இவ்வளவு எடையைத் தூக்க முடியுமா, இதைவிட இரண்டு மடங்கு, அதைவிட இன்னும் என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உறுதி என்று எண் போடச் சொல்ல வேண்டும். படித்த அன்றைக்கே இதை வகுப்பில் செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம். போர்டில் மூன்று வரி எழுதினேன். ஒரு குடம் தண்ணி. 25 கிலோ அரிசிச் சிப்பம். 75 கிலோ நெல் மூட்டை. "நம்பிக்கை எல்லாம் வேணாம். இன்னிக்கு, இப்பவே, நீ தனியா தரையிலேருந்து தூக்கணும். சைபர்லேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் போடு" என்றேன். வகுப்பு மாறிப்போனதை அப்படியே பார்த்தேன். ஜூலையில் பத்து நிமிஷத்தில் 25 கேள்வி முடித்த பிள்ளைகள் மூன்று வரிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தோளைத் தொட்டுப் பார்த்தாள். "சிப்பத்த தூக்கிடுவேன் மிஸ், மாடிப்படி ஏற முடியாது. அதுக்கு வேற நம்பரா?" என்று கேட்டாள் ஒருத்தி. "இடுப்புல வெக்கறதா, தலையிலயா?" என்றாள் இன்னொருத்தி. மூட்டைக்குப் பலரும் சைபர் போட்டார்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அபசகுனம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தூக்கிப் பார்த்திருக்கிறார்கள், அல்லது தூக்கியவர் முதுகைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் தெரியும்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் நானே எழுதி வைத்திருந்த இன்னொரு தாளைக் கொடுத்தேன். பெரிய பெரிய வார்த்தை எதுவும் அதில் இல்லை. செய்யாறு அரசுக் கல்லூரிக்குத் தோழியோடு பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வர முடியுமா? தனியாகப் போய்? அரசுக் கலைக் கல்லூரி ஆன்லைன் விண்ணப்பத்தை, கூட ஆள் இல்லாமல், நிரப்ப முடியுமா? தாலுகா ஆபீஸுக்குப் போய் வருமானச் சான்று எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க முடியுமா? பி.காம். படித்து வேலையில் இருக்கும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துப் பேச முடியுமா? அப்பா வேண்டாம் என்று சொன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்க முடியுமா? கடைசியில் ஒன்று: பிளஸ் டூ முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி சிப்காட்டுக்கு வேலைக்குப் போக முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் பத்து. செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனி பஸ்கள் விடியற்காலையில் எங்கள் ஊர்களுக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அக்கா போகிறாள், எதிர்வீட்டு அண்ணி போகிறாள். எந்த முனையில் நிற்க வேண்டும், எந்தக் கார்டைத் தொங்கவிட வேண்டும், சம்பளம் எந்தத் தேதியில் ஏறும் என்று இவர்களுக்கு மனப்பாடம். அந்தச் சம்பளம் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பத்தும், தனியாகச் செய்யாறு கல்லூரிக்குப் போவதற்கு அவர்கள் போட்ட இரண்டும் மூன்றும் ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கம்பெனிக்கும் கல்லூரிக்கும் சாலை ஒன்றுதான். ஒன்றில் தனக்கு முன்னால் போனவளின் முகம் தெரிகிறது. இன்னொன்றில் யார் முகமும் தெரியவில்லை. தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பதுதான் "என்னாலும் முடியும்" என்கிற கணக்கு பிறக்கிற வழிகளில் ஒன்று என்று பாண்டுராவும் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் அதைப் பார்க்கப் புத்தகமே வேண்டாம், விடியற்காலையில் அந்த பஸ் நிறுத்தத்தில் போய் நின்றால் போதும்.

நவம்பரில் எண் ஏன் இறங்கியது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இடையில் அக்டோபரில் பிள்ளைகளைக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போயிருந்தோம். அங்கே பாய்க்காரர் மகள், நான் சொல்லாமலே, அலுவலக ஜன்னல் ஓரம் போய் நின்று, என்னென்ன தேவை என்று கேட்டு நோட்டின் பின்னட்டையில் எழுதி வந்தாள். டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், உதவித்தொகைக்கு வருமானச் சான்று. விண்ணப்பம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். திரும்பி வந்து நவம்பரில் அவள் நிரப்பிய படிவத்தில் ஐந்துகள் எல்லாம் இரண்டாகவும் மூன்றாகவும் இறங்கியிருந்தன. ஜூலையில் எது தெரியாது என்பதே அவளுக்குத் தெரியாது. நவம்பரில் தெரிந்தது. அந்த வகுப்பிலேயே உண்மையாக ஓர் அடி எடுத்து வைத்தவள் அவள்தான், அவள் எண்தான் அதிகமாக இறங்கியது. போனில் பேசியவர் அந்த இறக்கத்தைத் தோல்வி என்று எழுத நேர்ந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. இரண்டு முறையும் ஒரே கேள்வி, ஒரே ஐந்து வட்டம். ஆனால் முதல் ஐந்தும் இரண்டாவது ஐந்தும் ஒரே ஐந்து இல்லை. வெறும் கூட்டலில் அது தெரியாது.

பென்சிலில் எழுதிய வரி

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அன்றைக்குச் சாயங்காலம் தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்க்காரர் மகளின் தாளில், "அப்பா வேண்டாம் என்று சொன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்க முடியுமா?" என்ற கேள்விக்கு நேராகப் பேனாவால் 1 என்று போட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், மெல்லிசாகப் பென்சிலில் நான்கு சொல்: "அத்தை கூட இருந்தால் 6."

நான் அதைக் கேட்கவே இல்லை. தாளில் அதற்கு இடமும் விடவில்லை. பேனாவால் எழுதத் தைரியம் வராமல், வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள். அடுப்பில் சாதம் குழைந்தது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 25 கேள்விகளும் "உன்னால்", "உனக்கு", "உன்" என்று ஒற்றை ஆளைப் பிடித்து நிறுத்திக் கேட்கின்றன. எங்கள் பிள்ளைகள் எதையுமே ஒற்றை ஆளாகச் செய்து பழகியவர்கள் இல்லை. குடத்தைத் தலையில் வைக்கக்கூட ஒருத்தி கைகொடுத்துத் தூக்கிவிடுவாள். கைகொடுக்க ஆள் இருக்கிறதா என்று தெரியாமல், தூக்குவாயா என்று கேட்டுக் கிடைத்த எண்ணை வைத்து, இந்தப் பிள்ளைக்கு உறுதி போதாது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஒன்று என்பதும் உண்மை, ஆறு என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து, ஓர் அத்தை.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த அத்தை?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்பாவின் தங்கை, ஷூ கம்பெனியில் ஐந்தாறு வருடமாக வேலை. "அவங்க பேசுனா அப்பா கேப்பாரு மிஸ். அவங்களும் படிக்கணும்னுதான் இருந்தாங்களாம்." ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு லீவு. நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பாய் அடுக்கு, கோரை வாசம். நான் பேசியது கொஞ்சம்தான். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கு பஸ் பாஸ் உண்டு என்று மட்டும் சொன்னேன். மீதியை அத்தைதான் பேசினார். "அண்ணே, கம்பெனி எங்கயும் ஓடிப்போவாது. மூணு வருசம் கழிச்சும் அந்த பஸ்ஸு வரும். காலேஜு அப்படி வராது." அவர் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. ஊசி நூலைக் கீழே வைத்துவிட்டு, "சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார். அவளிடம் நேராகக் கேட்டார். அவள் சொன்னாள். பின்னட்டையில் அதையும் எழுதி வைத்திருந்தாள்.

அவள் பி.காம். சேர்ந்தாள். ஆனால் இதை ஒரு வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. அதே வகுப்பில், எல்லாக் கேள்விக்கும் நல்ல எண் போட்ட இன்னொரு பெண்ணுக்கு மே மாதம் ரிசல்ட் வருவதற்கு முன்பே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். அவள் தாளை நான் சரியாகப் படிக்கவில்லை. எண்கள் நன்றாக இருந்ததால் நிம்மதியாக அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். கூட யார் என்று அவளிடம் நான் கேட்கவே இல்லை. அது என் மனதில் கிடக்கிறது.

இன்னும் இரண்டு கட்டம்

பிள்ளைகளின் உறுதியை அளப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் விட்டால் மறுபடியும் "குடும்பச் சூழல்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அளந்ததால்தான் அந்தப் பென்சில் வரி எனக்குக் கிடைத்தது. ஆனால் எண் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று வைத்துக்கொண்டு அளப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். எண் இறங்கினால் அந்தப் பிள்ளை எங்கே போய்விட்டு வந்தாள் என்று கேட்க வேண்டும். ஏறினால் எதைச் செய்து பார்த்துவிட்டு ஏற்றினாள் என்று கேட்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும். போனில் பேசியவருக்கு இதையெல்லாம் ஒரு நீளமான கடிதமாக எழுதி அனுப்பினேன். படித்துவிட்டுக் கூப்பிட்டார். அடுத்த பள்ளியில் சிப்பம், மூட்டைக் கேள்வியை முதலில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

இந்த வருஷத் தாளில் நம்பிக்கை என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். "நாளைக்கே செய்யணும்னா?" என்றுதான் ஒவ்வொரு கேள்வியும் முடிகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் சேர்த்தேன். யார் கூட இருந்தால்? அப்போது எவ்வளவு? போன வெள்ளிக்கிழமை நிரப்பி வாங்கினேன். பெரியம்மா என்று ஐந்தாறு பேர். மாமா என்று சிலர். தையல் கடை அக்கா. ரேஷன் கடையில் பில் போடும் அண்ணன். இரண்டு பேர் "நீங்க மிஸ்" என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணனுக்குப் பயந்தவள் ஒருத்தி, அதே அண்ணன் பெயரையே எழுதி 9 போட்டிருக்கிறாள். ஒரே ஒரு தாளில் அந்தக் கட்டங்கள் மேலிருந்து கீழ்வரை காலி. எண்கள் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள், கையெழுத்தும் அழகு. கூட யார் என்ற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கிறாள், ஒவ்வொரு கேள்விக்கும். திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. அவளைக் கூப்பிடுவதாக இருக்கிறேன்.